நாத்தனார் பெயரில் ஒரு நத்தை

அருங்காட்சியகத்தில் எல்லோரும் அவளை நத்தைக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். அவளுக்கு அதில் வருத்தமில்லை. ஆராய்ச்சிக் கப்பல் ஆழ்கடலிலிருந்து அள்ளி வரும் சேற்றைச் சலித்து, கிடைக்கிற நத்தை ஓடுகளைப் பார்த்து, இது இன்ன இனம் என்று சொல்வது அவள் வேலை. மற்றவர் கண்ணுக்கு எல்லாமே வெள்ளை ஓடுதான். அவள் சுற்றுகளை எண்ணுவாள், வாய் வட்டமா நீளமா என்று பார்ப்பாள், நுண்ணோக்கியடியில் திருப்பித் திருப்பி வைப்பாள். சாப்பாட்டு நினைப்பே வராது.

சில வருஷங்களுக்கு முன் மிளகளவு ஓடுகள் கொஞ்சம் கிடைத்தன. மேலெல்லாம் நெய்த துணி மாதிரி குறுக்கும் நெடுக்குமாக வரிகள். எந்தப் புத்தகத்திலும் அப்படி ஒன்று இல்லை. புது இனம் என்று எழுதி, தன் கணவனின் தங்கை பெயரையே வைத்தாள். கைக்குழந்தையை விட்டுவிட்டு அவள் வேலைக்குத் திரும்பிய காலத்தில், டவுன் பஸ் ஓட்டும் அந்த நாத்தனார்தான் காலை ஷிஃப்ட் முடிந்ததும் ஓடி வந்து பிள்ளையைப் பார்த்துக்கொண்டவள்.

நாத்தனாருக்குத் தலைகால் புரியவில்லை. "கடலுக்கடியில என் பேர்ல ஒரு நத்தை இருக்கு, தெரியுமா?" என்று பஸ் ஏறுகிறவர்களிடமெல்லாம் சொல்வாள்.

இந்த வருஷம் வந்த சேற்றில் கட்டைவிரல் பருமனில் வழவழப்பான ஓடு ஒன்று இருந்தது. ரொம்பக் காலமாகத் தெரிந்த இனம்தான். ஆனால் ஆழத்துத் தண்ணீர் சுண்ணாம்பை அரித்துவிடுவதால், இந்த இனத்தில் நுனி தேயாத ஓட்டை யாரும் பார்த்ததில்லை. இதில் நுனி முழுசாக இருந்தது. நுண்ணோக்கியில் வைத்தாள். நத்தை குட்டியாக இருந்தபோது உருவான பகுதிதான் நுனி. அந்த நுனியில், மிளகளவு இடத்தில், அதே துணி வரிகள்.

அவள் கண்டுபிடித்தது புது இனமே இல்லை. இந்தப் பெரிய நத்தையின் குட்டி! ஒரே இனத்துக்கு இரண்டு பெயர் இருந்தால் முதலில் வைத்த பெயர்தான் நிற்கும், பின்னால் வைத்தது போய்விடும். புதிர் அவிழ்ந்த சந்தோஷத்தில் வாய்விட்டுச் சிரித்தாள். அப்புறம்தான் நாத்தனார் ஞாபகம் வந்தது. வீட்டுக்குப் போனதும் கணவனிடம் யோசனை கேட்டாள்.

"நீயே சொல்லிக்கோ. என்னை இதுல இழுக்காதே," என்று கணவன் நைசாக நழுவிவிட்டான்.

நாத்தனார் வந்ததும் விஷயத்தை உடைத்தாள்.

"யாரு அண்ணி கண்டுபிடிச்சது? நம்பர் குடுங்க, நான் பேசிக்கறேன்."

"நான்தான்."

நாத்தனார் முகம் சுண்டிப்போனது. "சும்மா இருந்திருக்கலாம்ல? யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியுமே. தினமும் அந்த மேஜையிலதானே உக்காரணும்."

டீயைக்கூடக் குடிக்காமல் நாத்தனார் கிளம்பிவிட்டாள். போன் செய்தாலும் எடுக்கவில்லை. லீவு நாளன்று மூச்சுவாங்க அருங்காட்சியக மாடியேறி வந்து நின்றாள்.

"காட்டுங்க. என்னை எதுக்குக் காலி பண்ணீங்கன்னு பாக்கறேன்."

ஒரு கண்ணை மூடிக்கொண்டு நுண்ணோக்கிக்குள் வெகுநேரம் பார்த்தாள். "அட, என் வரியெல்லாம் நுனியில அப்படியே இருக்கே!"

"இந்த இனத்துல குட்டியா இருக்கறப்ப எல்லாத்துக்கும் இந்த வரிதான். வளர வளர மேல வழவழன்னு ஆயிடுது."

"அப்ப பேரு சுத்தமாப் போயிடுமா?"

"போகாது. பழைய பேருக்குக் கீழ, இதுக்கு இப்படியும் ஒரு பேரு இருந்ததுன்னு எப்பவும் போட்டிருப்பாங்க."

"இதை அன்னைக்கே சொல்லித் தொலைக்கறதுக்கென்ன! வேலையை விட்டே தூக்கிட்ட மாதிரி மூணு நாளா அழுதுட்டிருந்தேன்."

"நீ எங்க சொல்ல விட்ட?"

இருவரும் சிரித்த சிரிப்பில் பக்கத்து அறை மீன் ஆராய்ச்சியாளர் எட்டிப் பார்த்தார். அவரையும் நாத்தனார் விடவில்லை. தன் நத்தையின் கதையை முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.

இரண்டும் ஒரே இனம்தான் என்று சொல்லும் கட்டுரையை நத்தைக்காரி ஆசையாகவே எழுதினாள். தன் தப்பைத் தானே பிடித்ததில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம்கூட. கப்பல் மறுபடி கரைக்கு வந்ததும், சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு புதுச் சேற்றைச் சலிக்க உட்கார்ந்தாள்.