ராத்தாவின் பங்குக் கொயினா

என் கூடப்பிறந்த ராத்தாவின் புருஷனைத் தெல்தெனியவில் தெரியாத ஆள் இல்லை. சந்தியில் புடவைக் கடை, பின்னால் வீடு. வந்தவர் துணியைத் தொடுமுன்னமே மச்சான் பிள்ளைக் கணக்கைத் தொடங்கிவிடுவார். "எனக்கு ஏழு!" என்பார், ஏதோ தானே நொந்து பெற்றது மாதிரி. வீட்டுக்குள் எட்டிப் பார்த்தால் நாலுதான் ஓடித் திரியும். மற்ற மூன்றையும் மையவாடியில் அடக்கியாகிவிட்டது. ஒன்று வயிற்றோட்டத்தில், ஒன்று வலிப்பில், ஒன்று பிறந்த கிழமையே. அவற்றையும் சேர்த்துத்தான் ஏழு. நல்ல மனுஷன்!

ராத்தாவுக்கு அந்தப் பெருமையெல்லாம் கிடையாது. "நாலு நிக்கணுமெண்டா ஏழு பெறத்தானே வேணும்," என்று துணி காயப்போட்டுக்கொண்டே சொல்வாள். அரிசியில் கல் பொறுக்குவது மாதிரி அவளுக்கு அதுவும் ஒரு வேலை.

அந்த வருஷம் மழை இல்லாமல் ஆறு வற்றிக் குட்டை குட்டையாகக் கிடந்தது. நுளம்பு பெருகிக் கடித்து, காய்ச்சல் வீடு வீடாக நுழைந்தது. ராத்தாவுக்கு அப்போது எட்டாவது, ஆறு மாசம். உதவிக்கென்று தங்கச்சி நான் அம்பிட்டியவிலிருந்து வந்திருந்தேன். வந்த கிழமையே அவளுக்குக் காய்ச்சல் கண்டது. பல்லுக் கிட்டி நடுங்கினாள். இருந்த துணியெல்லாம் போர்த்தி, மேலே நானும் படுத்து அமுக்கினேன், நடுக்கம் நிற்கவில்லை. இவள் பிழைக்க வேண்டுமே என்பதைத் தவிர எனக்கு வேறு நினைவே இல்லை.

காய்ச்சலுக்குக் கொயினா மாத்திரை பங்கிடுகிற அரசாங்க ஆள் கடைவாசலுக்கே வந்தார். வீட்டில் எத்தனை தலை என்று கேட்டு எல்லோருக்கும் இரண்டு நாளைக்கென்று மச்சானின் கையில் கொடுத்தார். "வயித்துப் புள்ளக்காரிக்குத்தான் முதல்ல குடுக்கணும்," என்று தெருவுக்கே கேட்கிற மாதிரிச் சொன்னார். உள்ளே இருந்த எனக்கே கேட்டது.

மச்சான் வந்து பிள்ளைகளுக்குக் கொடுத்தார், எனக்குக் கொடுத்தார், தானும் விழுங்கினார். ராத்தாவின் பங்கு அவர் கையிலேயே இருந்தது.

"அவக்கு வேணாம். கொயினா குடுத்தா வயித்துப் புள்ள விழுந்துரும்."

"அந்த மனுஷன் இப்பத்தானே செல்லிட்டுப் போறாரு!"

"அவனுக்கென்ன தெரியும்? நீ வாயப் பொத்து."

"என்னட்டத் தாங்க, நான் குடுக்கேன்!" என்று கையை நீட்டினேன். ராத்தா பாயில் கிடந்தபடி அவர் கையையே பார்த்தாள். தா என்று கேட்கவில்லை. அவளுக்குக் கேட்டுப் பழக்கமில்லை. மச்சான் அந்த மாத்திரையையும் தன் வாய்க்குள் போட்டுத் தண்ணீர் குடித்தார். "வீணாப் போகக் கூடாது பாரு," என்றார். கசப்புக்கு ஒரு துண்டு கருப்பட்டியும் கேட்டார். அதை நான்தான் எடுத்துக் கொடுத்தேன். மறுநாளும் இதே கூத்துத்தான். சீ! அந்தத் தொண்டை ஏறி இறங்கினது இன்றைக்கும் கண்ணுக்குள் நிற்கிறது.

அந்தக் காய்ச்சலிலேயே ராத்தா மவுத்தாகிவிட்டாள். பிள்ளை வயிற்றுக்குள்ளேயே இறந்து அவளோடு போனது. ஆறுதல் சொல்ல வந்தவர்களிடம் "அல்லாட நாட்டம்" என்று மச்சான் கண்ணைத் துடைத்தார். அல்லாஹ் மாத்திரையை அனுப்பி, ஆளையும் அனுப்பி, சத்தமாகச் சொல்லவும் வைத்தானே, அது யாருடைய நாட்டமாம்?

வருஷம் திரும்பவில்லை, ஆள் புது மாப்பிள்ளை. கட்டி வந்த பெண்ணும் உண்டானாள், அவளுக்கும் காய்ச்சல் வந்தது. ராத்தாவின் பிள்ளைகளைப் பார்க்கப் போன நான் என் கண்ணாலேயே கண்டேன். மச்சான் தன் கையால் அவளுக்குக் கொயினா ஊட்டிக்கொண்டிருந்தார்.

"இப்ப புள்ள விழாதா மச்சான்?"

"இல்ல மச்சி, காய்ச்சல்தான் புள்ளய விழுத்துமாம். கண்டி டாக்டர் செல்லிட்டாரு. அப்ப இதெல்லாம் ஆருக்குத் தெரியும்?"

பிள்ளைகளைக் கொஞ்சிவிட்டுக் கடை வழியாக வெளியே வந்தேன். பின்னாலேயே அவரும் வந்தார். யாரோ ஒருவர் சீத்தைத் துணியைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். மச்சான் துணி அளக்கிற யார்கோலை ஊன்றி நின்று தொடங்கிவிட்டார்.

"எனக்கு எட்டு. இன்னொண்டு வருது."

ராத்தாவோடு மண்ணுக்குள் போனதையும் சேர்த்துத்தான் எட்டு.