ஆயிரத்து நூறு மீட்டர், இருபத்தாறு நிமிடம்

1. அடித்த எண்கள்

இருபது எண்கள் கொண்ட ஓர் அட்டவணை. அதில் கடைசிப் பத்தைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு, பக்கத்தில் 'ஒழுங்காக நேரம் பார்த்து எழுதவும்' என்று எழுதினேன். முப்பத்தொரு வருட வேலையில் எத்தனையோ நோட்டுகளைத் திருத்தியிருக்கிறேன். இந்த ஒரு பக்கத்தைப் பற்றி மட்டும் இப்போது கணக்கு டீச்சராகச் சேருகிறவர்களுக்குச் சொல்லிவிட வேண்டும்.

முத்தியால்பேட்டையில் அரசு பெண்கள் உயர்நிலைப் பள்ளி. பத்தாம் வகுப்பு. 'உறவுகளும் சார்புகளும்' பாடம். சார்பைத்தான் ஃபங்ஷன் என்பார்கள் என்று சொன்னதும், "கல்யாண ஃபங்ஷனா மிஸ்?" என்று பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல் வரும். ஒவ்வொரு வருடமும் வரும். புத்தகத்தில் இருக்கிற அம்புக்குறிப் படத்தை வைத்து மட்டும் இந்தப் பாடத்தை நடத்தினால் பரீட்சை முடிந்த மறுநாள் மறந்துவிடுவார்கள். அதனால் அந்த வருடம் பிள்ளைகளையே தரவு சேகரிக்கச் சொன்னேன்.

வீட்டிலிருந்து பள்ளிக்கு எவ்வளவு தூரம், நடந்து வர எத்தனை நிமிடம்? நான்கு வாரம், இருபது பள்ளி நாள். கிளம்பும்போது வீட்டுக் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும், வந்ததும் பள்ளி வராந்தாக் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். தூரத்தை யாராவது பெரியவர்களின் போனில் அளந்துகொள்ளலாம். முதல் நாள் சிலர் வரைபடத்தில் நேர்க்கோடு போட்டு அளந்து வந்தார்கள். "நேர்க்கோட்டுல வரணும்னா கறிக்கடை மேல பறந்துதான் மிஸ் வரணும்" என்று கீர்த்தனா சொன்னாள். நேர்க்கோட்டுத் தூரம் வேறு, தெருவழித் தூரம் வேறு என்று அன்று ஒரு பீரியட் போனது. நல்ல பீரியட்.

நான்கு வாரம் முடிந்ததும் முப்பத்தைந்து பேருடைய சராசரியையும் ஒரு பெரிய கிராஃப் தாளில் புள்ளியாக வைத்தோம். கிடைமட்ட அச்சில் தூரம், செங்குத்து அச்சில் நேரம். புள்ளிகள் ஏறக்குறைய ஒரு கோட்டை ஒட்டி விழுந்தன. எனக்கே பெருமையாக இருந்தது. எச்.எம். பார்த்துவிட்டு, "கணித கண்காட்சிக்கு இதையே வெச்சிடலாம்" என்றார்.

ஒரு புள்ளி மட்டும் கோட்டுக்கு மேலே தனியாக நின்றது. மோனிஷா. சோலை நகரிலிருந்து வருகிறவள். அப்பா கடலுக்குப் போகிறவர், அம்மா மார்க்கெட்டில் மீன் விற்கிறவர். தூரம் ஆயிரத்து நூறு மீட்டர். முதல் வாரம் பதினைந்து, பதினாறு நிமிடம் என்று எழுதியிருந்தாள். இரண்டாவது வாரம் பதினெட்டு. மூன்றாவது வாரம் இருபது, இருபத்திரண்டு. கடைசி நாள் இருபத்தாறு.

அவள் அந்த மாதம் பிரேயருக்கு அடிக்கடி தாமதமாக வந்திருந்தாள். தாமதத்துக்கு நியாயம் கற்பிக்க நிமிடத்தைக் கூட்டி எழுதுகிறாள் என்று நானே முடிவு செய்துகொண்டேன். கண்காட்சிக்கு அழகான கோடும் வேண்டியிருந்தது. அடித்தேன்.

2. எதை எக்ஸ் என்று வைப்பது

மறுநாள் வகுப்பில் அதையே உதாரணமாக்கினேன். பெயர் சொல்லவில்லை. ஆனால் நோட்டு யாருடையது என்று எல்லோருக்கும் தெரியும்.

"ஒரு எக்ஸுக்கு ஒரு ஒய்தான் இருக்கணும். இங்க பாருங்க, தூரம் ஆயிரத்து நூறு. நேரம் பதினஞ்சுன்னும் இருக்கு, இருபத்தாறுன்னும் இருக்கு. ஒரே எக்ஸுக்கு இத்தன ஒய். இது சார்பா?"

"இல்ல மிஸ்!" என்று வகுப்பு சிரித்துக்கொண்டே சொன்னது.

மோனிஷா எழுந்து நின்றாள். அதிகம் பேசாத பெண். பெஞ்சைப் பிடித்துக்கொண்டுதான் நின்றாள். அதையும் நான் அப்போது கவனிக்கவில்லை.

"மிஸ், தூரத்த எக்ஸா வெச்சா இல்ல. நாள எக்ஸா வெச்சா சார்புதான மிஸ்? ஒரு நாளைக்கு ஒரு நேரம்தான எழுதியிருக்கேன்."

சரியான பதில். பாடத்தை நான் நடத்தியதைவிட அவள் நன்றாகப் புரிந்துகொண்டிருந்தாள். "வந்து போர்டுல போடு" என்றேன். நோட்டை வைத்துக்கொண்டு, நான் அடித்த எண்களையும் சேர்த்து, இருபது புள்ளிகள் வைத்தாள். நடுவில் ஒரு முறை நின்று மூச்சு வாங்கிக்கொண்டாள்.

நான் கடைசி பெஞ்ச் பக்கம் போய் நின்று போர்டைப் பார்த்தேன். புள்ளிகள் ஏறிக்கொண்டே போயின. திங்கட்கிழமைகளில் மட்டும் சற்றே கீழே இறங்கி மறுபடி ஏறின. மனதில் தோன்றியதை எழுதுகிற பிள்ளை இருபது, இருபத்தைந்து, முப்பது என்று எழுதும். ஞாயிற்றுக்கிழமை ஓய்வுக்குப் பிறகு ஒரு நிமிடத்தைக் குறைத்து எழுத எந்தப் பிள்ளைக்கும் தோன்றாது.

"உங்க வீட்டு கடியாரம் மெதுவா ஓடுதா?" என்று கேட்டேன். பேட்டரி தீர்ந்துவரும் கடிகாரம் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்தங்கினாலும் இப்படி ஒரு கோடு வரும்.

"இல்ல மிஸ். டி.வி. நியூஸ்ல வர்ற டைமோட சரியா இருக்குது."

"அப்புறம் ஏன் ஏறுது?"

"தெர்ல மிஸ்."

கீர்த்தனா அவளோடு நடந்து வருகிறவள். "வழியில நின்னு நின்னு வரா மிஸ். நான் லேட் ஆவுதுன்னு முன்னாடி வந்துடறேன்" என்றாள்.

3. கூட நடந்தேன்

அன்று சாயங்காலம் என் வண்டியைப் பள்ளியிலேயே விட்டுவிட்டு மோனிஷாவோடு நடந்தேன். கையில் வாட்ச். மெதுவாகத்தான் போனோம். அம்மன் கோயில் மதில் ஓரம் நின்றாள். "செருப்பு வாரு லூசா இருக்கு மிஸ்" என்று குனிந்தாள். ரேஷன் கடை முன்னால் மறுபடி செருப்பு. டெய்லர் கடை வாசலில் மூன்றாவது முறை. அங்கே குனியக்கூட இல்லை. சுவரில் கை வைத்து நின்றாள். கழுத்து நரம்பு துடிப்பது வெளியிலேயே தெரிந்தது.

"வாரு நல்லாத்தான இருக்கு மோனிஷா."

சுவரிலிருந்து கையை எடுக்காமலே சொன்னாள். "மூச்சு பத்தல மிஸ். யாராச்சும் பாத்தா கேப்பாங்கன்னு செருப்ப சரி பண்ற மாரி நிப்பேன்."

"வீட்ல சொன்னியா?"

"சொன்னேன் மிஸ். ராத்திரி படுத்தாலும் அடைக்கிது, ரெண்டு தலகாணி வெச்சிக்கறேன்."

வீட்டுக்குப் போனபோது என் வாட்சில் இருபத்தெட்டு நிமிடம். அவர்கள் வீட்டுக் கடிகாரமும் என் வாட்சும் ஒன்றாகவே ஓடின.

அவள் அம்மா செல்வி என்னைப் பார்த்ததும் பதறிப்போய் நாற்காலி போட்டார். "என்னா மிஸ் பண்ணா? நடக்கவே சோம்பல் மிஸ் இவளுக்கு. தண்ணிக் கொடம் தூக்கச் சொன்னா மூச்சு வாங்குதுங்கறா. போன நோண்டிக்கினு படுத்துக் கெடந்தா இப்படித்தான் ஆவும்."

"சோம்பல் இல்லீங்க. நாளைக்கு காலைல ஆஸ்பத்திரிக்குப் போவலாம். நானும் வரேன்."

செல்வி மகளைப் பார்த்தார். "நாளைக்கு வெள்ளிக்கெழம மிஸ், யாவாரம் நல்லா இருக்காது. வரேன்" என்றார்.

4. டாக்டர் கேட்டது

ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஓர் இளம் பெண் டாக்டர். ஸ்டெதாஸ்கோப்பை வைத்து வெகுநேரம் கேட்டார். திரும்பிப் படுக்கச் சொல்லி மறுபடி கேட்டார். "எவ்ளோ நாளா இப்படி இருக்கு?" என்றார்.

செல்விக்குச் சொல்லத் தெரியவில்லை. நான் மோனிஷாவின் நோட்டைப் பிரித்து மேசைமேல் வைத்தேன். டாக்டர் இருபது எண்களையும் விரல் வைத்து ஒவ்வொன்றாகப் படித்தார். சிவப்புக் கோட்டில் விரல் நின்றது.

"யாரு அடிச்சது?"

"நான்தான்."

டாக்டர் நோட்டை மோனிஷா பக்கம் திருப்பி வைத்தார். "வர்றவங்க எல்லாரும் கொஞ்ச நாளாத்தான்னு சொல்வாங்க. தேதி போட்டு எனக்கு யாருமே குடுத்ததில்ல" என்று மோனிஷாவிடம் சொன்னார். பிறகு செல்வியிடம், "சின்ன வயசுல காய்ச்சலோட மூட்டு வீங்கி வலிச்சுதா?" என்று கேட்டார்.

"ஆமாங்க, ஏழு வயசுல. வளர்ற புள்ளைக்கு வர்ற வலின்னு தைலம் தேச்சி விட்டேன்."

அந்தக் காய்ச்சல் இதய வால்வைச் சுருக்கிவிட்டிருக்கலாம் என்று டாக்டர் விளக்கினார். அன்றே பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். அங்கே ஸ்கேன் எடுத்து அதையே உறுதி செய்தார்கள். இன்னும் ஒரு மாதம் விட்டிருந்தால் நுரையீரலில் நீர் கோத்திருக்கும் என்றார்கள். நெஞ்சைக் கிழிக்காமல் தொடை ரத்தக்குழாய் வழியாக பலூன் செலுத்தி வால்வை விரித்தார்கள். அது நடந்த ஒன்றரை மணி நேரமும் செல்வி என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கண்காட்சி அதற்குள் முடிந்துவிட்டது. எச்.எம். இரண்டு முறை நினைவுபடுத்தினார். எனக்கு அந்தக் கிராஃப் தாளைக் கொடுக்க மனம் வரவில்லை.

5. அவள் சொன்னது

ஆறு வாரம் கழித்து மோனிஷா பள்ளிக்கு வந்தாள். தினமும் மாத்திரை, மாதம் ஒரு ஊசி. ஓடக் கூடாது, நடக்கலாம். அந்த வருடம் பொதுத்தேர்வும் எழுதித் தேறினாள்.

அவள் வந்த முதல் நாளே வகுப்பில் எல்லோர் முன்னாலும் சொன்னேன். "நாலு வாரம் ஒரு பொண்ணு உண்மைய எழுதிக் குடுத்தா. கேக்காமலே நான் அத தப்புன்னு அடிச்சேன். தப்பு என்னோடது."

மணி அடித்து எல்லோரும் வெளியே போன பிறகு மோனிஷா என் மேசைக்கு வந்தாள்.

"பரவால்ல மிஸ். எனக்கே சந்தேகமாத்தான் இருந்துது. அம்மா சோம்பல்ன்றாங்க, கீர்த்தனா நடிக்கறேன்றா. நாந்தான் தப்பா எண்றனோன்னு, ஒவ்வொரு நாளும் ரெண்டு வாட்டி கழிச்சிப் பாத்துட்டுதான் மிஸ் எழுதுவேன்."

அன்றிலிருந்து ஓய்வு பெறும் நாள் வரை, கோட்டைவிட்டு விலகி நின்ற எந்தப் புள்ளியையும் அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டுக் கேட்காமல் நான் அடித்ததில்லை. கேட்டவற்றில் பெரும்பாலானவை வெறும் கழித்தல் பிழைகள்தான். அதற்கு இரண்டு நிமிடம் ஆகும், அவ்வளவுதான். தன் உடம்பு சொல்வதையே நம்பலாமா என்று தடுமாறிக்கொண்டிருந்த ஒரு பெண்ணுக்கு அந்த இரண்டு நிமிடத்தை நான் கொடுக்கவில்லை. அவளாகவே எழுந்து நின்றதால் பிழைத்தாள். எழுந்து நிற்காத பிள்ளைகளும் உங்கள் வகுப்பில் இருப்பார்கள். அவர்களிடம் நீங்கள்தான் போய்க் கேட்க வேண்டும்.