பெண்கள் பூத்தில் அடி பம்பு

என் வீட்டுக்காரர் பேரூராட்சித் தேர்தலில் நின்றது ஒரு பள்ளத்துக்காக. குடிநீர்க் குழாய் போடுவதற்காக எங்கள் வீதியைத் தோண்டினார்கள். குழாயைப் போட்டார்கள். மூடாமல் போய்விட்டார்கள். பல்லடம் ரோட்டிலிருந்து திரும்புகிற அந்த வீதியிலேயே எங்களுக்கு மோட்டார் வைண்டிங் கடை. எரிந்துபோன மோட்டாருக்குப் புதிதாகத் தாமிரக் கம்பி சுற்றிக் கொடுக்கிற வேலை. தறிக்குடோன் மோட்டார், கிணற்று மோட்டார், கோழிப்பண்ணை ஃபேன் எல்லாம் அந்தப் பள்ளத்தைத் தாண்டித்தான் கடைக்கு வர வேண்டும். ஒரு நாள் மோட்டார் ஏற்றி வந்த வண்டியே அதற்குள் சாய்ந்தது. அன்றைக்குத்தான் அவர், "இந்த வாட்டி கவுன்சிலருக்கு நானே நிக்கறேன் அம்மணி" என்றார். "நில்லுங்க, பாத்துக்கலாம்" என்றேன். யோசிக்காமல் வாயைக் கொடுப்பது எனக்குப் பிறவிப் பழக்கம்.

சுயேச்சை என்பதால் அவருக்குக் கிடைத்த சின்னம் அடி பம்பு. ஊருக்கெல்லாம் மோட்டார் சரிசெய்கிற மனுஷனுக்கு அடி பம்பு. "இதைப் பாத்துப்போட்டு எவன் எங்கிட்ட மோட்டாரைக் கொண்டாருவான்" என்று இரண்டு நாள் நோட்டீஸ் அடிக்கவே போகவில்லை. நான்தான் விரட்டி அனுப்பினேன். நோட்டீஸை வாங்கிக்கொண்ட பெண்கள் எல்லோரும், "உங்களுக்கில்லாம வேற யாருக்குங்க போடப்போறோம்" என்றார்கள். அவருடைய அக்கா, அதாவது என் நாத்தனார், இரண்டு வீடு தள்ளித்தான் இருக்கிறார். அவர் ஒரு படி மேலே போய், "தம்பி, நீ இப்பவே கவுன்சிலர்தான்" என்று சொல்லி இவருக்குத் திருநீறே பூசிவிட்டார். இவரும் நெற்றியைக் காட்டிக்கொண்டு நின்றார்.

எங்கள் வார்டுக்கு ஆண்களுக்கு ஒரு பூத், பெண்களுக்கு ஒரு பூத். இரண்டும் ஒரே பள்ளிக்கூடத்தில் அடுத்தடுத்த அறைகள். பெண்கள் பூத்தில் அவருடைய ஏஜெண்டாக நான் உட்கார்ந்தேன். காலை விடியும்போதே போய்விட்டேன். பூத்துக்குப் பொறுப்பாக வந்திருந்தவர் கோபிசெட்டிபாளையம் பக்கத்து டீச்சர். ஓட்டுப்பதிவு தொடங்கும் முன் ஏஜெண்டுகள் முன்னிலையில் மிஷினைச் சோதித்துக் காட்ட வேண்டும் என்பது விதி. நாங்கள் ஆளுக்குச் சில பட்டன்கள் அமுக்கினோம். நான் அடி பம்பை மூன்று முறை அமுக்கினேன். கணக்குப் பார்த்தபோது அடி பம்புக்கு மூன்றுதான் காட்டியது. அப்புறம் டீச்சர் எல்லாவற்றையும் அழித்து, ஒன்பது வேட்பாளருக்கும் பூஜ்யம் வருவதைக் காட்டினார். "இன்னொருக்கா காட்டுங்க டீச்சர்" என்றேன். பக்கத்தில் இருந்த கட்சி ஏஜெண்ட் பெண் பெருமூச்சு விட்டாள். விடட்டும். வைண்டிங்கில் ஒரு சுற்றுத் தவறினால் மோட்டார் மறுபடி எரிந்து கடைக்கே வரும். எண்ணுவதில் எனக்கு வெட்கம் கிடையாது. டீச்சர் முகம் சுளிக்காமல் மறுபடி காட்டினார். சீல் வைத்த காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, மிஷின் நம்பரை நாள்காட்டித் தாளின் பின்பக்கம் எழுதிக்கொண்டேன்.

பத்து மணி வாக்கில் நானும் ஓட்டுப் போட்டேன். அடி பம்புக்கு நேரே இருந்த பட்டனை அமுக்கினேன். சிவப்பு விளக்கு எரிந்தது, சத்தமும் கேட்டது. மாலையில் டீச்சர் மொத்த ஓட்டைக் காட்டினார். நானூற்றுப் பன்னிரண்டு. அதைத் தாளில் எழுதி, கையெழுத்துப் போட்டு ஏஜெண்டுகள் எல்லோருக்கும் ஒவ்வொரு நகல் கொடுத்தார். வீதிக்கு வந்ததும் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். அங்கே நின்றுகொண்டு நான் ஒரு பிரசங்கமே செய்தேன். "மிஷின்ல ஒரு குத்தமும் இல்லீங்க. நானே அமுத்தி, நானே எண்ணிப் பாத்தேன். என்ன போட்டமோ அதுதான் வரும். தப்பா வந்தா என்னைக் கேளுங்க" என்றேன். இந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

ஓட்டு எண்ணுகிற நாளில் இவர்தான் போயிருக்க வேண்டும். அன்று பார்த்து ஒரு தோட்டத்தில் கிணற்று மோட்டார் எரிந்துவிட்டது. "ஓட்டு எங்கீம் போயிராது, வாழை வாடிரும்" என்று ஸ்பேனரைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். அவருக்குப் பதிலாக அவருடைய பள்ளிக்கூட நண்பர், பஸ் ஸ்டாண்டு எதிரில் பேக்கரி வைத்திருப்பவர், போய் உட்கார்ந்தார். ரொம்பத் தன்மையான மனிதர். பேக்கரியில் ஈயை விரட்டினால்கூட "போங்க" என்றுதான் சொல்வார் என்று நாங்கள் கேலி செய்வோம்.

மதியம் பேக்கரிக்காரர் திரும்பி வந்தார். வண்டியை நிறுத்திவிட்டு, ஹெல்மெட்டைக் கழற்றாமலே நின்றார். இவரும் தோட்டத்திலிருந்து வந்திருந்தார்.

"ஏனுங்க, எவ்வளவு?" என்றேன்.

"மொத்தம் பன்னெண்டுங்க அம்மணி. ஆம்பளைங்க பூத்துல பதினொண்ணு. மீதி ஒண்ணு தபால் ஓட்டா இருக்கோணும்."

"பொம்பளைங்க பூத்துல?"

அவர் நோட்டைப் பிரித்து என்னிடமே நீட்டினார். அடி பம்பு என்று எழுதி, பக்கத்தில் அழகாக ஒரு பூஜ்யம் போட்டிருந்தார்.

தோற்றது எங்களுக்குப் பெரிதாக இல்லை. ஜெயிப்போம் என்று யார் நினைத்தது. ஆனால் அந்தப் பூஜ்யம். நான் ஓட்டுப் போட்ட பூத்தில் என் புருஷனுக்கு ஓட்டே விழவில்லை என்றால் அதற்கு என்ன அர்த்தம்? சாயங்காலத்துக்குள் வீதியே ஒரு முடிவுக்கு வந்துவிட்டது. "மிஷின்லதாங்க ஏதோ கோளாறு. நாங்கெல்லாம் போட்டமே" என்றார்கள். நாத்தனார், "வெரல் வலிக்க அமுத்துனேன் தம்பி" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். எல்லோருக்கும் வசதியான பதில் அது. நானும் தலையாட்டியிருந்தால் அன்றைக்கே கதை முடிந்திருக்கும். ஆனால் மிஷின் சரியாக இருந்தது என்று நடு வீதியில் நின்று சத்தியம் செய்தவள் நான்தானே. மிஷின் சரி என்றால் வீதிப் பெண்கள் அத்தனை பேரும் பொய்க்காரிகள். அந்தக் கூட்டத்தில் முதல் ஆள் நான்.

இவர் என்னிடம் சண்டை போட்டிருந்தால்கூடச் சமாளித்திருப்பேன். சண்டை எனக்கு நன்றாக வரும். இவரோ, "பரவால்ல அம்மணி, உடு" என்றார். எதைப் பரவாயில்லை என்கிறார்? போடாததையா? "நான் போட்டேனுங்க" என்றேன். "செரி, செரி, யாரு இல்லைன்னாங்க" என்று சொல்லிவிட்டு மோட்டாருக்குள் தலையை விட்டுக்கொண்டார். இரண்டு நாள் கழித்து, மோட்டார் எடுக்க வந்த விவசாயியிடம் சிரித்துக்கொண்டே, "ஊட்டுக்காரியே போடலீங்க, ஊரு எப்பிடிப் போடும்" என்றார். தமாஷுக்குத்தான் சொன்னார். எனக்கு அது தமாஷாக இல்லை. இருபத்திரண்டு வருஷம் ஒன்றாகக் கம்பி சுற்றியிருக்கிறோம். இந்த மனுஷன் என்னை நம்புகிறாரா இல்லையா என்று முதல் தடவையாக எனக்குத் தெரியவில்லை.

அடுத்த நாள் பேக்கரிக்காரரின் நோட்டை வாங்கி, பெண்கள் பூத்துக்கு அவர் எழுதியிருந்த ஒன்பது எண்களையும் கூட்டினேன். நானூற்றுப் பதினொன்று. மறுபடி கூட்டினேன். அதேதான். பூத்தில் டீச்சர் கொடுத்த தாளை எடுத்துப் பார்த்தேன். நானூற்றுப் பன்னிரண்டு. ஒன்று குறைகிறது. எழுந்து நின்றுவிட்டேன்.

"ஏனுங்க, இங்க ஒரு ஓட்டக் காணோம்."

"ஒண்ணுதானே" என்றார்.

"அந்த ஒண்ணுதான் என்னுது" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு பேரூராட்சி அலுவலகத்துக்குக் கிளம்பினேன்.

அங்கே இருந்த எழுத்தர் நல்ல மாதிரி. உட்காரச் சொன்னார். எந்தப் பூத்தில் யாருக்கு எத்தனை ஓட்டு என்கிற தாள் வேண்டும் என்றேன்.

"ஜெயிச்சவங்க தரப்புங்களா?"

"தோத்தவருங்க."

"எத்தனை ஓட்டுல தோத்தாரு?"

"முந்நூத்திச் சொச்சமுங்க."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "அம்மணி, முந்நூறு ஓட்டுல தோத்துப்போட்டு இப்பத் தாளைப் பாத்து என்னுங்க பண்றது?"

நடந்ததைச் சொன்னேன். பூஜ்யத்தைச் சொன்னேன், நாத்தனார் விரலைச் சொன்னேன், "ஊட்டுக்காரியே போடலீங்க" என்றதையும் சொன்னேன். சொல்லும்போது குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. பக்கத்து மேசைக்காரர்கள் எல்லோரும் வேலையை விட்டுவிட்டுக் கேட்டார்கள். ஒரு அம்மா எழுந்து வந்து தண்ணீர் கொடுத்தார். எழுத்தர் சிரிக்கவில்லை. "இது கேக்க வேண்டிய விஷயந்தானுங்க. ஓட்டுப் போட்டவங்க யாரு வேணுமின்னாலும் கேக்கலாம்" என்று சொல்லி, தகவல் உரிமைச் சட்டத்தில் எப்படி மனு எழுதுவது என்று வரி வரியாகச் சொல்லிக் கொடுத்தார். என் வாழ்க்கையில் கையெழுத்தைத் திருத்தமாகப் போட்டு எழுதிய ஒரே கடிதம் அதுதான். வெளியே வரும்போது அந்தத் தண்ணீர் கொடுத்த அம்மா, "தாள் வந்தா எங்களுக்கும் வந்து சொல்லிப்போட்டுப் போங்க" என்றார்.

மூன்று வாரம் கழித்துப் பதிவுத் தபால் கடைக்கே வந்தது. பேக்கரிக்காரரும் அப்போது கடையில்தான் இருந்தார். உறையைக் கிழிக்க எனக்குக் கை வரவில்லை. ஒருவேளை அதிலும் பூஜ்யம் என்றே இருந்தால்? அப்புறம் மிஷினையும் நம்ப முடியாது, என்னையும் யாரும் நம்ப மாட்டார்கள். இவர்தான் வாங்கி, கம்பி வெட்டுகிற கத்தரியால் ஓரத்தை வெட்டிக் கொடுத்தார். தாளை விரித்தேன். தபால் ஓட்டு என்ற இடத்தில் அடி பம்புக்கு ஒன்றுமே இல்லை. ஆண்கள் பூத், பதினொன்று. பெண்கள் பூத், ஒன்று.

ஒன்று. அதைப் பார்த்தவுடன் எனக்கு வந்த சந்தோஷம், கவுன்சிலர் ஆனவர்களுக்குக்கூட வந்திருக்காது. சத்தம் போட்டுச் சிரித்தேன். எதிர்க்கடை டீக்காரர் என்னமோ ஏதோ என்று ஓடி வந்துவிட்டார். பேக்கரிக்காரர் தாளை வாங்கிப் பார்த்தார், தன் நோட்டைப் பார்த்தார், அப்புறம் மெதுவாக உண்மையைச் சொன்னார். எண்ணுகிற மேசைக்கு முன்னால் ஏஜெண்டுகள் நெருக்கிக்கொண்டு நின்றிருக்கிறார்கள். ஒவ்வொருவரும் வரவர அவர், "நீங்க முன்னாடி வாங்க, நீங்க பாருங்க" என்று வழிவிட்டு வழிவிட்டுக் கடைசி வரிசைக்கே போய்விட்டார். மிஷின் காட்டிய எண் அவர் கண்ணுக்குத் தெரியவே இல்லை. முன்னால் நின்றவர் சொல்லச் சொல்ல எழுதியிருக்கிறார். அடி பம்பு வந்தபோது அந்த ஆள் ஒன்றும் சொல்லாமல் அடுத்ததுக்குப் போய்விட்டார். "ஒரு ஓட்டுக்குப் போய் அவியளத் தள்ளிப்போட்டு எட்டிப் பாக்கறது நல்லா இருக்குமுங்களா? ஒண்ணுஞ் சொல்லலைன்னா ஒண்ணும் இல்லைன்னு எழுதிப்போட்டேனுங்க" என்றார்.

எங்கள் ஊர் மரியாதை என் குடும்பத்தைக் கவிழ்க்கப் பார்த்திருக்கிறது. எனக்கு வந்த கோபத்துக்கு அவரை என்ன வேண்டுமானாலும் கேட்டிருப்பேன். அதற்குள் அவர் பேக்கரிக்கு ஓடிப்போய் ஒரு தட்டு நிறையத் தேங்காய் பன் கொண்டுவந்து வைத்து, "தப்புதானுங்க அம்மணி" என்று கைகட்டி நின்றார். சூடான பன்னைக் கையில் வைத்துக்கொண்டு எப்படித் திட்டுவது.

பன் வாசனைக்கோ செய்திக்கோ வீதிப் பெண்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரி தாளை எட்டிப் பார்த்துவிட்டு, "அது நான் போட்டதுங்க. நாந்தான் அன்னிக்கே சொன்னனில்ல" என்றாள். பால் ஊற்றுகிற அக்கா, "ஏனுங்க, முதல் ஆளாப் போய் நானில்ல போட்டது" என்றார். அரை மணி நேரத்தில் அந்த ஒற்றை ஓட்டுக்கு ஆறு பேர் சொந்தக்காரர்கள். மிஷின் கோளாறு என்ற பேச்சே காணாமல் போய்விட்டது. எல்லோருக்கும் இப்போது மிஷின் ரொம்ப நல்ல மிஷின்.

கடைசியாக நாத்தனார் வந்தார். ஒரு பன்னை எடுத்துக்கொண்டு, தாளைப் பார்க்காமலே சொன்னார். "அது என்னுதுதான் தம்பி. கூடப் பொறந்தவ கை பொய்யாப் போகுமா?"

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. தாள் வந்தால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று மூன்று வாரமாக நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தத் தாள் எத்தனை ஓட்டு என்று சொல்லுமே தவிர, யாருடைய ஓட்டு என்று சொல்லாது. சொல்லவும் கூடாது. அதற்காகத்தானே அட்டையை மறைப்பாக வைத்து ஓட்டுப் போடச் சொல்கிறார்கள். ஏழு பேர் கேட்கிற ஒரு ஓட்டில் நான் எப்படி என் பெயரை எழுதுவது? ஓயாமல் பேசுகிற நான் பேசாமல் இவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

இவர் கையில் ஒட்டியிருந்த வார்னிஷைத் துணியில் துடைத்தார். தாளை இன்னொரு முறை பார்த்தார். அப்புறம் அக்காவிடம், எப்போதும் பேசுகிற அதே தன்மையான குரலில், "நீங்களும் போட்டிருந்தா ரெண்டு வந்திருக்கோணுமுங்க்கா" என்றார்.

நாத்தனாருக்குப் புரியக் கொஞ்ச நேரமானது. எனக்கு உடனே புரிந்துவிட்டது. இத்தனை பேர் முன்னால் அழுதுவிடுவேனோ என்று பயந்து, தட்டில் மிச்சமிருந்த பன்னை எடுத்து நாத்தனாருக்கே இன்னொன்று கொடுத்தேன்.