நான் அணைத்த மெயின் சுவிட்ச்

பிரியமானவர்களே, 2003-இல் துர்கா பூஜை விடுமுறை தொடங்கிய அன்று, ஒரு வருட உழைப்பை என் கையாலேயே கொன்றுவிட்டேன் என்று நினைத்து அழுதேன்.

நான் படித்தது மெக்கானிக்கல் இன்ஜினியரிங். உடைந்த எலும்புக்குப் பதிலாக வைக்கும் பொருளின்மேல் எலும்புச் செல்களை வளர்க்கும் ஆசையில், நாங்கள் குடியிருந்த கொல்கத்தாவிலேயே உயிரிப் பொறியியல் எம்.டெக். சேர்ந்தேன். மெஷின் படித்த பெண்ணுக்கு உயிருள்ளதைப் பராமரிக்கத் தெரியுமா என்று பேராசிரியருக்குச் சந்தேகம். பூஜைக்குப் பிறகு வளர்ந்த செல்களைக் காட்டாவிட்டால் ஆய்வுத் தலைப்பை மாற்றிவிடுவதாகச் சொல்லியிருந்தார்.

அன்று மதியம் ஆய்வகத்திலிருந்து கடைசியாகக் கிளம்பியது நான். ஒர்க்‌ஷாப்பில் பழகிய கை, பூட்டுவதற்கு முன் மெயினை அணைத்தது. டாலிகஞ்ச் வீட்டில் சோற்றில் கை வைத்த பிறகுதான் உறைத்தது. செல்களைச் சூடாக வைத்திருக்கும் இன்குபேட்டரும் அதே மெயினில்தான் ஓடுகிறது!

"என்னட்டி, மொகம் இப்படி வெளுத்துப்போச்சு?" என்றாள் அம்மா. எங்களுக்குச் சொந்த ஊர் திருநெல்வேலி.

அறைக்குள் ஓடி முழங்காலிட்டேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், "ஆண்டவரே, சாருக்குத் தெரியக் கூடாது" என்றுதான் முதலில் கேட்டேன். எனக்கே அசிங்கமாக இருந்தது. "செல்களைக் காப்பாத்தும். என்ன ஆனாலும் உண்மையைச் சொல்லிடுறேன்" என்று அழுதேன்.

மெட்ரோவில் போய் பஸ் பிடித்தேன். பூஜைப் பந்தல் பார்க்க வந்த கூட்டத்தில் பஸ் நகரவே இல்லை. இறங்கி, ஜெபித்துக்கொண்டே ஓடினேன்.

ஆய்வகக் கதவு திறந்திருந்தது. உதவியாளர் ஹாராதன்தா ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து புலம்பிக்கொண்டிருந்தார். ஹவுரா நெரிசலில் ஊருக்குப் போகும் ரயிலைத் தவறவிட்டு, அடுத்த ரயில்வரை இங்கே இருக்கலாம் என்று வந்திருக்கிறார். வந்தபோது ஃபேன் சுற்றவில்லையாம். அதனால் மெயினைப் போட்டிருக்கிறார்.

"இந்தப் புழுக்கத்துல எந்தப் புண்ணியவான் அணைச்சது, திதி?" என்று வங்க மொழியில் கேட்டார். அங்கே அக்காவுக்குத் திதி, அண்ணனுக்குத் தாதா, பெயரோடு சேர்த்தால் வெறும் தா.

"நான்தான் தாதா."

இன்குபேட்டர் செல்களுக்குத் தேவையான 37 டிகிரியைக் காட்டியது. நான் தரையிலேயே உட்கார்ந்து அழுதேன். அவரோ தன் ரயில் போனதற்காக நான் அழுகிறேன் என்று நினைத்து, பாவம், டீ வாங்கி வந்து என்னைத் தேற்றினார்.

விடுமுறை முடிந்ததும் சாரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் மைக்ராஸ்கோப்பில் நெடுநேரம் பார்த்தார். "எல்லாம் உயிரோட இருக்கு. இனி இன்குபேட்டர் உன் பொறுப்பு" என்றார்.

அந்த ஆய்விலேயே பட்டம் பெற்றேன். தப்புச் செய்துவிட்டு ஜெபிக்கக் கூசுகிறவர்கள் உங்களில் இருக்கலாம். கூசாதீர்கள், அப்படியே முழங்காலிடுங்கள். என் முதல் வேண்டுதலைக் கர்த்தர் கேட்கவில்லை, சாருக்குத் தெரியத்தான் செய்தது. இன்று அதற்குத்தான் கர்த்தருக்கு அதிகமாக நன்றி சொல்கிறேன்.