பாயைச் சுருட்டிய பெருமாள்

ஆற்றுக்கு வேகவதி என்று பேர்தான். வேகமும் கிடையாது, தண்ணீரும் கிடையாது. எங்கள் வீட்டுக்குப் பின்னால் சாக்கடையாகக் கிடக்கும். ஒரு வருஷம் பெய்த பெருமழையில் எங்கேயோ மேலே ஏரி உடைந்து, மத்தியானத்துக்குள் தண்ணீர் பின்வாசல் ஏறிவிட்டது. ஆட்டோவில் மைக் கட்டி, எல்லாரையும் பள்ளிக்கூடத்துக்குப் போகச் சொன்னார்கள். தெருவே காலி. என் அப்பா மட்டும் நடுவீட்டில் பாயில் படுத்திருந்தார். அவரை நைனா என்றுதான் கூப்பிடுவேன்.

“எந்திரி நைனா, தண்ணி வந்துக்கினு இருக்குது!”

“இதுக்கு மேல வராதும்மா. பெருமாள் குறுக்க படுத்துக்கினு இருக்காரு.”

காஞ்சிபுரத்தில் பிறந்த யாருக்கும் தெரிந்த கதை. பிரம்மா தன்னை விட்டுவிட்டு யாகம் செய்கிறார் என்று கோபித்த சரஸ்வதி, இதே வேகவதி ஆறாகப் பாய்ந்து வந்தாள். பெருமாள் குறுக்கே படுத்து மறித்தார். ஊர் பிழைத்தது. எல்லாம் சரி, இப்போது என் செருப்பு மிதக்கிறதே!

கையைப் பிடித்து இழுத்தேன். கல் மாதிரி கிடந்தார். கறுப்புத் தண்ணீர் பாயின் ஓரத்தைத் தொட்டது. என் கண் முன்னாலேயே செத்துவிடுவார் என்று தோன்றியது. பயத்தில் கத்திவிட்டேன்.

“அதே பெருமாள்தான நைனா, தன்னோட அடியாரை ராஜா தொரத்தினதும் அவரு பின்னாலயே பாயை சுருட்டிக்கினு ஊரை விட்டே போனாரு! சாமியே கெளம்புச்சு, உனக்கு இன்னாத்துக்கு இந்த வீம்பு?”

நைனா என்னையே பார்த்தார். எழுந்தார். ஈரப் பாயைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டார்.

“நடம்மா,” என்றார்.

இடுப்பளவுத் தண்ணீரில் அவர் சட்டையை விடாமல் பிடித்துக்கொண்டே மெயின் ரோடு வரை வந்தேன். மறுநாள் போய்ப் பார்த்தால், பின்சுவர் முழுசாகச் சரிந்து, அவர் படுத்திருந்த இடத்தில் கிடந்தது.

சுவரைத் திரும்ப எழுப்பியாயிற்று. வேறு வீடு பார்க்கலாம் என்று எத்தனையோ தடவை கெஞ்சிப் பார்த்துவிட்டேன்.

“ராஜா வந்து கூப்பிட்டதும் பெருமாள் திரும்பி வந்து படுத்தாரா இல்லையாம்மா?” என்று சிரிக்கிறார். கதையின் மிச்சம் அவருக்கும் தெரியும், அதை நான் யோசிக்கவில்லை.

இன்று காலையிலிருந்து வானம் இருட்டிக்கொண்டு நிற்கிறது. நைனா அதே இடத்தில் பாய் விரித்துத் தூங்குகிறார். நான் பின்வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறேன்.