நவ்வாராவின் வால்

ஷர்கிய்யாப் பக்கம் அந்த நாளில் நவ்வாரா ஆடாத கல்யாணம் கல்யாணமே இல்லை. குழல் சத்தம் கேட்டதும் முன்னங்காலைத் தூக்கி, தரை தொடும் வாலை விசிறிக்கொண்டு அந்தக் குதிரை ஆடுகிற அழகு இருக்கிறதே, அதெல்லாம் ஒரு காலம். அதை வளர்த்த மிஸ்பாஹ் வீட்டுக்குச் சோறு போட்டதே அந்த வால்தான். எண்ணெய் தடவிச் சிக்கெடுப்பது அவன் மனைவி ஸனிய்யா. தன் தலையைக்கூட அவள் அப்படி வாரியதில்லை.

அப்புறம் குட்டி பிறந்தது. இரண்டே மாதத்தில் தாயின் வாலை மென்றே பாதியாக்கிவிட்டது, போக்கிரி. ஒரு கல்யாண வீட்டில் எவனோ கேட்டுவிட்டான்: "என்ன மிஸ்பாஹ், துடைப்பத்தையா ஓட்டிக்கிட்டு வந்திருக்கே?"

வீட்டுக்கு வந்து மனைவியிடம் குதித்தான் மிஸ்பாஹ். "ரஜபோட அம்மா, இனி அந்தக் குட்டி வாலுல வாய் வச்சா எங்க அண்ணன் வீட்டுக்கு ஓட்டிவிட்டுருவேன்."

"பால் மறக்காத பிள்ளையத் தாய்கிட்டேருந்து பிரிப்பீங்களா? நல்லாருக்கு நியாயம்."

"அப்ப நீயே நிறுத்து."

அவளுக்கா தெரியாது? பிள்ளைக்குப் பால் மறக்கடிக்க மார்பில் கற்றாழைச் சாறு தடவுவது ஊர் வழக்கம். மகன் ரஜபுக்கு அவளும் தடவியவள்தான். அதே சாற்றை வாலில் தாராளமாக அப்பினாள். குட்டி ஒரு கடி கடித்தது, உதட்டைச் சுருட்டிக்கொண்டு ஓடியது. ஸனிய்யாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

ஈ சும்மா இருக்குமா? நவ்வாரா வாலை வீசி வீசி விரட்டியதில் கசப்பெல்லாம் மடியில் ஒட்டிக்கொண்டது. மறுநாள் குட்டி மடியில் வாய் வைத்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டது. கழுவிவிட்டாள். அப்போதும் திருப்பிக்கொண்டது. பொழுது சாய்வதற்குள் வயிறு ஒட்டிப்போய்விட்டது.

ஸனிய்யா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ரஜபும் இப்படித்தான் திருப்பிக்கொண்டான். வயிற்றில் அடுத்தது வந்துவிட்டதென்று அவனுக்கு மறக்கடித்தாள். பிறந்த அந்தப் பிள்ளையோ ஒரு வாரம்கூடத் தங்கவில்லை. மார்பில் பால் கட்டி, வலியில் உயிர் போகிறாற்போல் இருந்தபோது ரஜபை அள்ளி மார்போடு அணைத்தாள். அவன் வாயே வைக்கவில்லை.

இதையும் அப்படி விடுவதா என்று எழுந்தாள். வாலையும் மடியையும் வெந்நீரில் தேய்த்துக் கழுவினாள். மடியில் கரும்புப் பாகைப் பூசி, விரலிலும் தோய்த்துக் குட்டியின் வாயில் வைத்தாள். நக்கியது. விரலை மெல்ல மெல்ல மடிப்பக்கம் நகர்த்தினாள். ரொம்ப நேரம் பிகு பண்ணிக்கொண்டு, கடைசியில் லபக்கென்று கவ்விக்கொண்டது.

மிஸ்பாஹ் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தான். வயிறு நிறைந்ததும் குட்டி நேராகப் போய் வாலைப் பிடித்தது. ஸனிய்யா பதறிப்போய் அவன் முகத்தைப் பார்த்தாள்.

"மெல்லட்டும் விடு. முடிதானே, வளரும்," என்றான்.

அவள் ஓவென்று அழுதாள். பிள்ளையைப் புதைத்த அன்றுகூட அவள் அப்படி அழவில்லை.