மாப்பிள்ளை கிட்டாரின் இரைச்சல்

பேஸ் கிட்டாரில் இரைச்சல் வந்தால் என்னிடம்தான் கொண்டுவருவார்கள். பெருமைக்குச் சொல்லவில்லை என்றால் அது பொய். பெருமைக்குத்தான் சொல்கிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குப் பெரிய கும்பிடு போட்டுவிட்டு, ரேடியோ ரிப்பேர் கடையில் தரை பெருக்கப் போனவன் நான். யாரும் உட்காரவைத்துச் சொல்லித்தரவில்லை. முதலாளியின் முதுகுக்குப் பின்னால் நின்று பார்த்துப் பார்த்துக் கற்ற வேலை. இன்றைக்கும் என் கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. மாடிப்படிக்குக் கீழே ஒற்றை அறை. ஆனால் கிட்டாரை முதுகில் மாட்டிக்கொண்டு யார் அந்தத் தெருவில் நுழைந்தாலும், பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரன் கேட்காமலே என் அறைப்பக்கம் கையைக் காட்டுவான்.

ஆனால் இது என் கதை இல்லை. என் தங்கை வீட்டுக்காரரின் கதை. அவர் வாசித்த குழுவில் அவருக்குத் தடிக்கம்பி என்று பெயர். பேஸ் கிட்டாரில் இருப்பது நாலே கம்பி, நாலும் தடி. எனக்கு அவர் மாப்பிள்ளை. கல்யாணமான புதிதில் என் வீட்டில் ஒரு வாரம் தங்கினார். கிளம்பும்போது, “அப்ப நான் வரேன் மச்சான்” என்றார். அந்த வாரத்தில் அவர் பேசியதிலேயே நீளமான பேச்சு அதுதான்.

பகலில் அட்டைப்பெட்டி தயாரிக்கும் தொழிற்சாலையில் வெட்டும் மெஷினை ஓட்டுவார். சாயங்காலம் குழுவோடு போய் விழா மேடைகளிலும் ஓட்டல்களிலும் வாசிப்பார். மேடையில் அவரை யாரும் பார்க்க மாட்டார்கள். “தடிக்கம்பி வரலேன்னா ஒருத்தனுக்கும் தெரியாது. வந்துட்டு நடுவுல நிறுத்தினா நாற்காலிகூடத் திரும்பிப் பார்க்கும்” என்று ட்ரம்ஸ்காரன் கிண்டல் செய்வான். மாப்பிள்ளை அதற்கும் தலையாட்டுவார்.

அவர் கிட்டார் பழையது. யாரோ வாசித்துச் சலித்து விற்றதை வாங்கியிருந்தார். அதில் அவரே கைவைத்துச் செய்திருந்த வேலைகளை நான் குறை சொல்ல மாட்டேன். பாத்திரம் தேய்க்கும் பஞ்சைப் பட்டையாக வெட்டி, கம்பிகள் முடியும் இடத்தில் அடியில் செருகியிருந்தார். அப்படிச் செய்தால் சத்தம் இழுபடாமல் ‘தும்’ என்று விழுந்து நின்றுவிடும். கட்டைவிரலை ஊன்றிக்கொள்ள, என் தங்கையின் உடைந்த சீப்பிலிருந்து கைப்பிடியை அறுத்து, அரம் போட்டு வழுவழுப்பாக்கித் திருகியிருந்தார். கடையில் விற்கிற கட்டையைவிட அது நன்றாகவே இருந்தது. சீப்பின் பூப்போட்ட டிசைன் மட்டும் கொஞ்சம் சிரிப்பு மூட்டும்.

பிறகு அவருக்கு வயிற்றில் கட்டி வந்தது. அறுத்து எடுத்தார்கள். அப்புறம் மாதக்கணக்கில் மருந்து ஏற்றினார்கள். ஆள் பிழைத்துவிட்டார். ஆனால் அந்த மருந்து விரல் நுனிகளை மரத்துப்போகச் செய்துவிட்டது. உணர்ச்சி திரும்பினாலும் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்றார் டாக்டர். மறுபடி வேலைக்குப் போன புதிதில் ஒருநாள் மெஷின் விரலைக் கிழித்திருக்கிறது. இவருக்குத் தெரியவில்லை. அட்டைகள் சிவப்பாக வருவதைப் பார்த்துப் பக்கத்து மெஷின்காரர்தான் நிறுத்தியிருக்கிறார். அன்றோடு மெஷினிலிருந்து இறக்கி, வாசல் கேட்டில் உட்காரவைத்துவிட்டார்கள். வண்டி வந்தால் திறக்க வேண்டும், போனால் மூட வேண்டும்.

வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. என் தங்கை காய்கறி நறுக்கினாள், துணி மடித்தாள். இவர் கேட்டுக்குப் போனார், வந்தார். விரல் எப்படி இருக்கிறது என்று நான் ஒருமுறை கேட்டேன். பரவாயில்லை, சரியாகிக்கொண்டு வருகிறது என்று சொல்லிவிட்டு ஜன்னலைப் பார்த்தார். நானும் ஜன்னலைப் பார்த்தேன். எதிர்வீட்டுச் சுவரைத் தவிர அங்கே ஒன்றும் இல்லை.

அவருக்கு மிச்சம் இருந்தது குழு மட்டும்தான். அதற்கும் வந்தது ஆபத்து.

குழுவை நடத்துகிறவர் கீபோர்டுகாரர். புதிதாகக் கட்டிய ஒரு அரங்கில் மாதாமாதம் வாசிக்க அவர்களுக்கு வாய்ப்புக் கிடைத்திருந்தது. அங்கே ஊசி விழுந்தால்கூட ஒலிபெருக்கியில் கேட்கும். ஒத்திகையில், பாட்டு நிற்கிற இடங்களில் எல்லாம் மாப்பிள்ளையின் கிட்டார் ‘ம்ம்ம்’ என்று இரைந்திருக்கிறது. இந்த இரைச்சலோடு அரங்குக்கு வர முடியாது, சரிசெய்யாவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று கீபோர்டுகாரர் சொல்லிவிட்டார்.

அந்த இரைச்சல் பழைய கிட்டார்களுக்கு எல்லாம் உள்ளதுதான். சுவரில் ஓடும் கரன்ட், விளக்கு, விசிறி எல்லாவற்றின் உறுமலையும் வாசிக்கிறவரின் உடம்பு ஏரியல் மாதிரி வாங்கிக் கிட்டாருக்குக் கொடுக்கும். ஆனால் கம்பிகள் எர்த்தோடு சேர்ந்திருப்பதால், கம்பியைத் தொட்ட நிமிஷம் உடம்பும் எர்த் ஆகி இரைச்சல் அடங்கிவிடும். அதனால் நான் எல்லோருக்கும் சொல்லும் முதல் யோசனை, பாட்டு நிற்கும்போது கையைக் கம்பியிலிருந்து எடுக்காதே என்பதுதான். மாப்பிள்ளைக்கும் சொல்லியிருந்தேன். தலையாட்டினார். அடுத்த முறை பார்த்தால், பாட்டு நின்றதும் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நிற்கிறார். முன்பு அவருக்கு அந்தப் பழக்கம் கிடையாது. நோய்க்கப்புறம் ஆள் மந்தமாகிவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒருநாள் காலை, அவர் கேட்டுக்குப் போனதும் தங்கை கிட்டாரைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தாள். பஸ் ஏறி இறங்கி மூச்சு வாங்கியது.

“அண்ணே, இதை இரைச்சல் இல்லாம பண்ணிக் குடு. அவர்கிட்டச் சொன்னா வேணாம்பாரு. சொல்லாம எடுத்துட்டு வந்துட்டேன்.”

“ஏன் வேணாம்னு சொல்றாரு?”

“இருக்கட்டும், இருக்கட்டும்னே சொல்லிட்டிருக்காரு. இதுவும் போச்சுன்னா இவரு கேட்டுலயே உக்காந்து கேட்டாவே ஆயிடுவாரு அண்ணே.”

நான் வேலையில் இறங்கினேன். கம்பியின் அதிர்வை வாங்கும் பிக்கப், வால்யூம், ஒயர் செருகும் ஜாக் எல்லாவற்றையும் கழற்றி, இரைச்சல் உள்ளே நுழையாதபடி மரக்குழிகளின் உள்பக்கம் முழுக்கச் செப்புத் தாள் ஒட்டினேன். எல்லோரும்தான் ஒட்டுகிறார்கள். ஆனால் ஒரு தாளுக்கும் அடுத்த தாளுக்கும் ஈயத்தை உருக்கிச் சால்டர் வைத்து இணைத்து, மொத்தத்தையும் எர்த்தில் சேர்க்காவிட்டால் அது வெறும் சுவரொட்டி. நான் மூலைமுடுக்கு விடாமல் இணைத்தேன். மூடியின் அடிப்பக்கத்துக்கும் ஒட்டினேன். மாட்டி, சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப்பைப் போட்டு, சத்தத்தைக் கடைசிவரை திருப்பினேன். கையை எடுத்தேன், வைத்தேன், எடுத்தேன். ஒரு வித்தியாசமும் இல்லை. ஜெராக்ஸ் மெஷின் ஓடும் சுவருக்குப் பக்கத்தில் வைத்தும் கிட்டார் வாயைத் திறக்கவில்லை. என்னைப்போல் செய்கிறவன் ஒருவனை யாராவது காட்டட்டும் என்று தங்கையிடம் சொன்னேன். அவள் கிட்டாரைப் பையில் போட்டுக்கொண்டிருந்தாள்.

பாராட்டைக் காதால் கேட்கலாம் என்று அடுத்த ஒத்திகைக்கு நானும் போய் உட்கார்ந்தேன். கீபோர்டுகாரர் ஒலிபெருக்கிப் பக்கம் காதைக் கொண்டுபோய்க் கேட்டுவிட்டு, கைகொடுத்தார். மாப்பிள்ளை கிட்டாரை மாட்டிக்கொண்டார்.

பாட்டு ஆரம்பித்தது. ஓடிக்கொண்டிருந்தவரை குறையில்லை. நடுவில் எல்லோரும் நிறுத்தி, பேஸ் மட்டும் முதலில் நுழைய வேண்டிய இடம் வந்தது. வரவில்லை. விரல் அசைந்தது, சத்தம் இல்லை. அடுத்த தாள அடியில்தான் விழுந்தது. மறுபடி வாசித்தார்கள். இந்த முறை பக்கத்துக் கம்பியில் போய் விழுந்தது. ட்ரம்ஸ்காரன் கிண்டல் செய்யவில்லை. கீபோர்டுகாரர் கெட்டவர் இல்லை. மாப்பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டு, அரங்கில் முதல் நிகழ்ச்சியில் பார்ப்போம், அங்கேயும் இப்படி ஆனால் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்றார். மாப்பிள்ளை சரி என்றார். குரலில் கோபமும் இல்லை, வருத்தமும் இல்லை. கேட்டில் வண்டிக்காரனுக்குச் சொல்கிற சரி மாதிரி இருந்தது.

மறுநாள் அவரே என் கடைக்கு வந்தார். கிட்டாரை மேஜைமேல் படுக்கவைத்தார்.

“மச்சான், அந்த இரைச்சலைத் திருப்பிப் போட்டுக் குடுங்க.”

எனக்குச் சுருக்கென்றது. என் வேலையில் கைவைக்கச் சொல்லி யாரும் கேட்டது கிடையாது. அதுவும், கெடுத்துக் கொடு என்று. என்ன மாப்பிள்ளை, விளையாடுகிறீர்களா என்றேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு வலது கையை நீட்டினார். எந்த விரலில் வேண்டுமானாலும் ஸ்க்ரூ டிரைவரை வையுங்கள், சொல்கிறேன் என்றார். ஆள்காட்டி விரலில் வைத்தேன். காத்துக்கொண்டே நின்றார். அழுத்தினேன்.

“வெச்சாச்சா?” என்றார்.

நான் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துவிட்டேன். விரலில் குழி விழுந்திருந்தது.

பிறகு அவர் பேசினார். இத்தனை வருஷத்தில் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. இடது கையைக் கண்ணால் பார்த்துக்கொள்ளலாம், கிட்டார் கழுத்தின் ஓரத்தில் புள்ளிகள் இருக்கின்றன. பாட்டு ஓடும்போது வலது கைக்கும் கவலை இல்லை, வந்த சத்தமே அடுத்ததற்கு வழி சொல்லும். நின்று மறுபடி தொடங்குகிற இடத்தில்தான் விரல் எங்கே இருக்கிறது என்று தெரியாது. அதனால் நின்றதும் இரண்டு கையையும் தூக்கிவிடுவார். இரைச்சல் கேட்கும். பிறகு வலது விரலை மட்டும் மெதுவாக இறக்குவார். இரைச்சல் நின்றால் விரல் கம்பியைத் தொட்டுவிட்டது என்று அர்த்தம். சீப்புக் கைப்பிடியில் ஊன்றிய கட்டைவிரலிலிருந்து தூரம் எவ்வளவு என்பது கை மூட்டுக்குத் தெரியும். எந்தக் கம்பி என்பது அதில் தெரியும், தொட்டதா இல்லையா என்பது இரைச்சலில் தெரியும்.

“நீங்க எல்லாத்தையும் அடைச்சிட்டீங்க மச்சான். தொட்டாலும் ஒண்ணுதான், தொடாட்டியும் ஒண்ணுதான்.”

தங்கைக்குத் தெரியுமா என்று கேட்டேன். சரியாகிவிட்டது என்று அவளிடம் சொல்லியிருந்தாராம். வீட்டில் இன்னொரு முறை நோய்ப்பேச்சைக் கேட்க முடியாது என்றார்.

செப்புத் தாளைக் கிழித்துப் போடுவது பெரிய வேலை இல்லை. கிழித்தால் அரங்கு போகும். கிழிக்காவிட்டால் விரல் போகும். படித்தவன் என்றால் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்திருப்பான். எனக்கு அந்தப் படிப்பு கிடையாது. ரேடியோ கடையில் வேண்டாத இரைச்சலைத் தேடித் தேடியே வளர்ந்தவன் நான். அது எந்த வழியாக வரும் என்று எனக்குத் தெரிந்த மாதிரி அதற்கே தெரியாது.

செப்பை நான் தொடவே இல்லை. கிட்டாரின் பின்பக்கம், வயிற்றோடு ஒட்டும் இடத்தில், மரத்தில் மெல்லிய கோடு கீறி ஒரு ஒயரைப் பதித்தேன். செப்புக்கு வெளியே இருந்ததால் அது அவர் உடம்பின் இரைச்சலை அப்படியே வாங்கும். அதைத் தீப்பெட்டி அளவு ஆம்ப் ஒன்றில் கொடுத்து, அதற்கு ஒரு சதுர பேட்டரி வைத்து, காதில் செருகும் சின்ன ஒயரை வெளியே விட்டேன். அரங்குக்குப் போகும் ஜாக் தனி, இவர் காதுக்குப் போகும் ஒயர் தனி. அரங்குக்கு ஒன்றும் கேட்காது. அவர் காதில் மட்டும் ‘ம்ம்ம்’. விரல் கம்பியில் பட்டால் அமைதி. இப்படி ஒன்றை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. பார்த்தவர் இருந்தால் வந்து சொல்லட்டும்.

மாப்பிள்ளை காதில் மாட்டிக்கொண்டு கண்ணை மூடினார். விரலை இறக்கினார். ஏற்றினார். இறக்கினார். நன்றாக இருக்கிறதா என்று கேட்டேன்.

“இருக்கு” என்றார்.

அரங்கில் நிகழ்ச்சி அன்று நானும் தங்கையும் பின்வரிசையில் உட்கார்ந்தோம். காதில் இருப்பது என்ன என்று அவள் கேட்டாள். குழுவின் சத்தம் தெளிவாகக் கேட்பதற்கு என்று சொல்லிவைத்தேன். அந்தப் பாட்டு வந்தது. எல்லோரும் நிறுத்தினார்கள். அரங்கில் இருமல் சத்தம்கூட இல்லை. மாப்பிள்ளை இரண்டு கையையும் தூக்கியது தெரிந்தது. தங்கை என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். வலது கை இறங்கி, அப்படியே நின்றது. கீபோர்டுகாரர் தலையை அசைத்தார். ‘தும்’ என்று விழுந்தது, விழ வேண்டிய அடியில், விழ வேண்டிய கம்பியில்.

யாரும் அதற்குக் கைதட்டவில்லை. பேஸ் சரியாக நுழைந்ததற்கு யார் கைதட்டுவார்கள்? முடிந்தபின் கீபோர்டுகாரர் ஒயர்களைச் சுருட்டிக்கொண்டே, “அடுத்த மாசம் கொஞ்சம் சீக்கிரம் வந்துடுங்க” என்றார். மாப்பிள்ளை சரி என்றார். அதே சரி.

குழுவின் வேனில் வீட்டுக்கு வரும்போது தங்கை, “எப்படிங்க இருந்துச்சு?” என்று கேட்டாள்.

“சத்தம் வந்துச்சு. நின்னுச்சு. மறுபடி வந்துச்சு.”

அவள் தண்ணீர் பாட்டிலைத் திறந்து அவர் கையில் கொடுத்தாள். விரல்களை ஒவ்வொன்றாக மடித்துப் பாட்டிலைச் சுற்றிப் பிடிக்க வைத்துவிட்டுத்தான் கையை எடுத்தாள். அவளுக்குத் தெரியும் என்று அப்போதுதான் எனக்குப் பட்டது. எவ்வளவு நாளாகத் தெரியும் என்று நான் கேட்கவில்லை.

இப்போதும் அவர் கேட்டில்தான் உட்கார்கிறார். மாதத்துக்கு ஒருமுறை அரங்கில் வாசிக்கிறார். வீட்டில் இருக்கும்போது கிட்டாரை மடியில் வைத்து, எர்த்துக்காகப் பெரிய ஆம்ப்பைப் போட்டு, காதில் ஒயரோடு சும்மா உட்கார்ந்திருக்கிறாராம். வாசிப்பதில்லையாம். ஒருநாள் அவர் கண்ணை மூடியிருந்தபோது தங்கை ஆம்ப்பைத் துடைத்துக்கொண்டே துணி பிடிக்காத கையைக் கிட்டார் கம்பியில் வைத்திருக்கிறாள். அவர் காதில் இரைச்சல் மாறியிருக்க வேண்டும்; கண்ணைத் திறக்காமலே, “நீயா?” என்று கேட்டாராம். இதைச் சொல்லும்போது அவள் சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. பேட்டரிதான் வீணாகிறது என்றாள்.

பேட்டரி போட்ட கிட்டார் வைத்திருக்கிற யாருக்கும் நான் சொல்லும் யோசனை ஒன்று உண்டு. வாசித்து முடித்ததும் ஜாக்கிலிருந்து ஒயரைப் பிடுங்கிவிடு, இல்லாவிட்டால் சும்மா இருக்கும்போதே பேட்டரி தீர்ந்துபோகும். கடைக்கு வருகிற ஒருவனை விடாமல் இதைச் சொல்லி அனுப்புகிறேன். சொன்னதைக் கேட்காமல் திரும்பி வருகிறவனை நாலு வார்த்தை திட்டுவதும் உண்டு.

மாப்பிள்ளை பேட்டரிக்கு வரும்போது மட்டும் சொல்வதில்லை. பழையதைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதியதை மாட்டுகிறேன். காதில் வைத்துப் பார்க்கிறார். இருக்கு என்கிறார்.